லைலா கின்னுனெனை அவருடைய கடைசிக் காலத்தைக் கொண்டு எடை போடுவது நியாயமில்லை

ஃபின்லாந்தின் மெல்லிசைப் பாடகி லைலா கின்னுனெனைப் பற்றி எழுதப்படுபவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் ஏற்படுகிறது. இளம் வயதில் கிடைத்த புகழ், பின்னர் பிடித்துக்கொண்ட மதுப் பழக்கம், மேடையை விட்டு விலகிய ஆண்டுகள், 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹெய்னாவெசி என்னும் சிற்றூரில் நேர்ந்த மரணம் என்று அந்த வாழ்க்கை எப்போதும் ஒரே பாணியில்தான் சொல்லப்படுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதையின் பெரும்பகுதியை வீழ்ச்சிக்கே கொடுத்துவிட்டு, அவர் எப்படிப் பாடினார் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு கலைஞரின் உழைப்பைப் பேசாமல் அவருடைய துயரத்தை மட்டும் பேசுவதை அஞ்சலி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

லைலா 1939 நவம்பரில் பிறந்தார். அதே மாத இறுதியில் சோவியத் படைகள் ஃபின்லாந்துக்குள் நுழைந்தன. அந்தப் போர் ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபின்லாந்துக் குழந்தைகள், பெரும்பாலும் ஸ்வீடனுக்கு, பெற்றோரைப் பிரிந்து அனுப்பப்பட்டார்கள். லைலாவும் அவ்வாறு ஸ்வீடனில் வளர்ந்து திரும்பியவர். பேசத் தொடங்கும் பருவத்திலேயே வேறொரு மொழிக்குள் போய்விட்டுத் தாய்மொழிக்குத் திரும்ப வேண்டியிருந்த அந்த அனுபவம், பிற்காலத்தில் பல மொழிகளில் அவர் தடுமாற்றமின்றிப் பாடியதற்குப் பின்னால் இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அவருடைய தங்கை ரித்வாவும் பாடகியானார்.

1957-இல் ஸ்காண்டியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘லாட்சரெல்லா’ அவரை நாடறியச் செய்தது. மூலப்பாடல் இத்தாலியின் தொமேனிக்கோ மொதூன்யோ இசையமைத்தது. அக்காலத்து ஃபின்லாந்தில் மக்கள் விரும்பிக் கேட்ட பாடல்களில் பல இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவை. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஃபின்னிஷ் வரிகளை எழுதிப் பாடுவது வழக்கம். டப்பிங் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் உள்ள சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. தமிழைப் போலவே ஃபின்னிஷ் மொழியிலும் குறில் நெடில் மாறினால் பொருள் மாறிவிடும். ஒற்று இரட்டித்தாலும் மாறும். போதாததற்கு, சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். இத்தாலிய மெட்டோ சொல்லின் பிற்பகுதியில் அழுத்தி, இறுதி உயிரை நீட்டி இழுக்கும் பழக்கம் உடையது. இரண்டையும் ஒட்டவைக்கும் வேலையில் பாதி பாடலாசிரியருடையது, மீதி பாடுபவருடைய வாயில்தான் நடக்க வேண்டும். லைலாவின் ஒலிப்பதிவுகளைக் காதொலிப்பானில் கவனித்துக் கேளுங்கள்: மெட்டு நீளச் சொன்ன இடத்தில் குறில் வந்தால், அவர் அதை நெடிலாக்கிவிடாமல், அடுத்து வரும் மெய்யில் சற்றே தங்கி அந்த இடத்தைக் கடந்துவிடுவார். சொல்லும் சிதைவதில்லை, தாளமும் குலைவதில்லை. குரல் நன்றாக அமைந்துவிட்டதால் மட்டும் இது வந்துவிடாது. நுட்பமான காதும் இடைவிடாத பயிற்சியும் வேண்டும்.

அடுத்து 1961. ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாடல் போட்டியில் ஃபின்லாந்து முதன்முறையாகக் கலந்துகொண்ட ஆண்டு அது. ஸ்பெயினும் யூகோஸ்லாவியாவும்கூட அந்த ஆண்டில்தான் நுழைந்தன. பிரான்சின் கான் நகரில் மார்ச் 18 அன்று நடந்த போட்டியில், இருபத்தொரு வயது லைலா ‘வாலோவா இக்குனஸ்ஸா’ என்ற பாடலைப் பாடினார். இசை எய்னோ ஹுர்மே, வரிகள் சவுவோ புஹ்தில. ஜன்னலில் தெரியும் வெளிச்சத்தைப் பற்றிய பாடல் அது. பதினாறு நாடுகள் பங்கேற்ற போட்டியில் ஆறு புள்ளிகளுடன் பத்தாம் இடம் கிடைத்தது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், அதற்குப் பிறகு ஃபின்லாந்து முதலிடத்தைப் பிடிக்க 2006 வரை, அதாவது நாற்பத்தைந்து ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அரங்கில் இருந்த பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் புரியாத மொழியில், குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்க முயலாமல், பாடலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கொடுத்துப் பாடிய அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

திரைப்படத்தைப் பற்றி எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு. 1950-களின் கடைசியில் தொலைக்காட்சி வந்து திரையரங்குகள் காலியாகத் தொடங்கியபோது, ஃபின்லாந்துத் தயாரிப்பாளர்கள் புகழ்பெற்ற பாடகர்களை வரிசையாக நிறுத்தி, நடுவே ஒப்புக்கு ஒரு கதையை வைத்துப் படங்கள் எடுத்தார்கள். 1959-க்கும் 1961-க்கும் இடையில் இத்தகைய படங்கள் சிலவற்றில் லைலா தோன்றினார். தோன்றினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் பாடகியாகவே வந்து பாடிவிட்டுப் போனார். பாடும்போதே ஒரு பாத்திரத்தின் மனநிலையை முகத்தில் கொண்டுவரத் தெரிந்தவருக்கு, வசனமும் வளர்ச்சியும் உள்ள ஒரு வேடத்தை எழுதித் தர யாரும் மெனக்கெடவில்லை. பிறகு 1963-இல் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கி 1965 வரை நீடித்தது, பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் தள்ளாடின. அப்படியொரு வேடம் அமையும் வாய்ப்பும் அதோடு சுருங்கிப்போனது. அவருக்கு நடிப்பு வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடிக்க அவருக்கு எதைக் கொடுத்தார்கள்?

இதே அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபின்லாந்தில் டாங்கோ நடன இசையின் அலை எழுந்தது, அதைத் தொடர்ந்து மின்கித்தார் குழுக்கள் வந்தன. ரசனை சில ஆண்டுகளிலேயே தலைகீழாக மாறியது. லைலாவின் பொற்காலம் குறுகியதாக இருந்ததற்கு அவருடைய சொந்தப் பலவீனத்தை மட்டுமே காரணமாகக் காட்டுகிறவர்கள், அவரோடு புகழ்பெற்ற மற்றப் பாடகிகளும் அந்த மாற்றத்தை எதிர்கொள்ள நேர்ந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. மதுப் பழக்கம் அவரை வதைத்தது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை. அதே பழக்கத்துக்கு ஆளான ஆண் பாடகர்களைக் ‘கலைஞனின் வேதனை’ என்று கனிவோடு எழுதும் பேனாக்கள், ஒரு பெண்ணிடம் வரும்போது மட்டும் ஏன் கணக்குத் தீர்க்கும் தொனிக்கு மாறுகின்றன என்பதே என் கேள்வி.

அவருடைய மகள் மிலானா மிஷிச்சும் பாடகி. தாயைப் பற்றிப் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதிலும் விழும் என்பதை நினைத்தாவது எழுதுகிறவர்கள் சற்று நிதானிக்கலாம்.

இதுவரை லைலாவைக் கேட்டிராதவர்கள் ‘லாட்சரெல்லா’விலிருந்து தொடங்குங்கள்; அந்தப் பெண்ணின் உற்சாகம் உடனே பிடிபடும். பிறகு யூரோவிஷன் பாடலைக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்தான், ஆனால் இரண்டாவதில் குரல் எங்கே அடங்க வேண்டும் என்பதை முழுதாக அறிந்த ஒரு பாடகியைச் சந்திப்பீர்கள். வாழ்க்கை வரலாற்றை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.