கறுப்பு சதுரம் வரைஞ்சதுக்காக ஒரு ஓவியரை சோவியத் தலைவர் ஸ்டாலின் சுட்டுக் கொன்னாரா?

"ஸ்டாலினை எதிர்த்து வெறும் கறுப்பு சதுரம் வரைஞ்ச ஓவியரை சுட்டுக் கொன்னுட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு வாட்ஸப்ல சுத்துது. படம் நிஜம், கதை தப்பு.

அதை வரைஞ்ச ஓவியர் காசிமிர் மாலெவிச் அந்தப் படத்தை முதல்ல காட்டினது 1915 டிசம்பர்ல, ரஷ்யாவோட பெத்ரோகிராத்ல (இன்னைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). அப்போ ஆண்டது ஜார் மன்னர், ஸ்டாலினே சைபீரியாவுல நாடுகடத்தப்பட்டு கிடந்தார், அப்புறம் எங்கேர்ந்து அவரை எதிர்க்கிறது? ரஷ்ய வீடுகள்ல சாமி படம் மாட்டுற மேல் மூலையில இதைக் கொண்டுபோய் மாட்டினார் மனுஷன், அந்தத் திமிருக்கே தனியா எழுதலாம்.

ஆனா பின்னாடி வந்த சோவியத் ஆட்சி மாலெவிச்சை நிம்மதியா விட்டுச்சுன்னும் சொல்ல முடியாது. லெனின்கிராத்ல (அதே பெத்ரோகிராத்தான், பேர் மாத்திட்டாங்க) அவர் நடத்தின கலை நிறுவனத்தை 1926லயே மூடிட்டாங்க, 1927ல ஜெர்மனி போனப்போ நிறைய படங்களை அங்கேயே விட்டுட்டு வந்தார், 1930ல கைது பண்ணி விசாரிச்சாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. கடைசிக் காலத்துல மறுபடி ஆள் உருவங்கள்தான் வரைஞ்சார், 1933ல வரைஞ்ச தன்னோட உருவப்படத்துல கையெழுத்துக்கு பதிலா மூலையில குட்டியா ஒரு கறுப்பு சதுரம்! 1935 மே 15ல கேன்சர்ல இறந்தார்.

சுடப்பட்டவர் வேற ஒருத்தர், மாலெவிச்கிட்ட படிச்ச குஸ்தாவ் க்ளூட்சிஸ். அவரும் ஆரம்பத்துல வடிவியல் படங்கள் போட்டவர்தான், பின்னாடி ஸ்டாலினைப் புகழ்ந்து போஸ்டர் போஸ்டரா பண்ணிக் கொடுத்தார். 1938ல அவரைத்தான் சுட்டாங்க.