இலை எடுத்தது என் பையன், உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

பாப்பிரெட்டிப்பட்டி கிரகப்பிரவேச வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கு நான் அனுப்பப் போவதில்லை. நான்கு வயதுப் பையன் சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கூடையில் போடுகிறான். ரசம் முழங்கை வரை வழிகிறது, அதையும் பார்த்துக்கொண்டே நடக்கிறான். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழேதான், குடும்பக் குழுவில், அந்தக் குரல் பதிவு: "பெத்த புள்ளய எச்சி இலை எடுக்க விட்டுட்டு அம்மாக்காரி வேடிக்கை பாக்குறா. கேட்டா மாண்டிசோரியாம், மண்ணாங்கட்டியாம்."

ஆமாம், வேடிக்கைதான் பார்த்தேன். இதில் கஷ்டமான வேலையே அதுதான் பெரியம்மா. கை துறுதுறுக்கும், போய்ப் பிடுங்கி நாமே போட்டுவிடலாம் என்று. பிள்ளையால் முடிகிற வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்காமல் இருப்பது, மாண்டிசோரி என்கிற குழந்தைக் கல்வி முறையில் நான் கடைப்பிடிப்பது இந்த ஒன்றைத்தான்.

"வெளிநாட்டு ஃபேஷன்" என்று சொன்ன மாமாவுக்கு: மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907இல் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, கவனிக்க ஆளில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக வந்த இடம் அது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக இல்லை. கை கழுவுவது, பொத்தான் போடுவது, பெருக்குவது, உணவு பரிமாறுவது எல்லாம் அங்கே பாடம். 1939இல் அந்த அம்மா சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு (தியோசாபிகல் சொசைட்டி) வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்க, வெள்ளைக்கார அரசுக்கு எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். போர் நடந்த வருடங்கள் முழுக்க இந்தியாவில்தான், அதில் சில வருடம் நம் கொடைக்கானலில். உங்கள் ஃபேஷன் நம் ஊருக்கு வந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது மாமா.

அடுத்து, "அதெல்லாம் காசு இருக்கறவங்களுக்கு." மாண்டிசோரிக்கென்று விற்கிற மரப் பொம்மை, விரலால் தடவிப் படிக்கிற உப்புத்தாள் எழுத்து எல்லாம் விலைதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதில் ஒன்றுகூட இல்லை. இருப்பது அவன் கைக்கு அடங்குகிற செம்பு, நுனியை வெட்டிக் குட்டையாக்கிய ஈர்க்குத் துடைப்பம், அவன் உயரத்துக்கு அடித்த ஆணியில் சட்டை, சிங்க் பக்கத்தில் ஒரு பலகை. தண்ணீரை எப்படி ஊற்றுவது என்று ஒரு தடவை மெதுவாக, வாய் திறக்காமல் செய்து காட்டுவேன். சிந்தினால் துணி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். தப்பு என்று சொல்ல நான் வேண்டாம், தரையில் கிடக்கிற தண்ணீரே சொல்லிவிடும்.

போன புளி சீசனில் என் அம்மா வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை. நம் பக்கம் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். இவன் போய் உட்கார்ந்து, பாட்டி ஒதுக்கிய கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான். ஒட்டியிருந்த புளியை நகத்தால் சுரண்டிவிட்டுப் போட்டான். செல்போன் இல்லை, அழுகை இல்லை, என்னைத் தேடவே இல்லை. பாட்டியும் அவன் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் வந்தார் ஒரு சித்தப்பா. "டேய் சிங்கக்குட்டி, சூப்பர்டா, இங்க பாரு, போட்டோ!" முடிந்தது. டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டான். மூழ்கி வேலை செய்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யாதே என்று மாண்டிசோரி சொன்னதை அந்தப் பாட்டி படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தெரிந்திருந்தது.

"அப்ப குழந்தைத் தொழிலாளிதானே?" என்று ஒரு புத்திசாலி கேட்டிருக்கிறார். இவருக்கு மட்டும் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. செங்கல் சூளையில் கல் சுமந்த பிள்ளைகளை நம் அப்பாக்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளை அலுத்துப்போனால் எழுந்து போக முடியுமா? என் பையன் கவிழ்த்துவிட்டு ஓடினான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

கத்தி, நெருப்பு, கண்ணாடி பற்றிக் கேட்டவர்களுக்கு: பக்கத்தில் நான் இருப்பேன். போதுமா?

"எங்க காலத்துல நாங்களும் வேலை செஞ்சுதான் வளந்தோம், அதுக்கு ஒரு பேரா?" பேரே வேண்டாம் அத்தை. ஆனால் வேலை செய்து வளர்ந்தது நீங்கள். உங்கள் தம்பிக்குப் பள்ளிக்கூடம் முடிக்கிற வரை தட்டு கழுவிக் கொடுத்ததும் நீங்கள்தான், பெருமையாக நீங்களே சொன்னது. இதுவே என் மகள் இலை எடுத்திருந்தால் அந்தக் குரல் பதிவு வந்திருக்குமா? "பொறுப்பான பொண்ணு" என்று இரண்டு பேர் கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். "ஆம்பளப் புள்ளய போயி" என்று ஆரம்பித்ததை வெட்டிவிட்டுத்தான் அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறீர்கள், அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியும்.

"அதுக்குன்னு ஆள் வெச்சிருக்கோம்ல" என்றும் கேட்டது. அந்த ஆள், அந்த அக்கா, இவன் வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூடையை அவன் உயரத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பந்தியில் அவனை மதித்தவர் அவர் ஒருவர்தான். அவர் பிள்ளை அந்த இலையை எடுத்திருந்தால் உங்களில் ஒருவருக்காவது வயிறு எரிந்திருக்குமா? வேண்டாம், நான் பேச ஆரம்பித்தால் வேறு எங்கேயோ போகும்.

இன்னொன்று. அவன் அப்பா அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் வேடிக்கைதான் பார்த்தார். அவரிடம் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வேலைக்குப் போற பொம்பளைக்குப் புள்ள வளக்க நேரம் ஏது" என்பது எனக்கு மட்டும்தான் வந்தது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பிள்ளையை அவனே சட்டை போடவிட்டால் காலையில் நேரம் கூடத்தான் ஆகும், குறையாது. ஊட்டி, உடுத்தி, தூக்கி வேனில் போடுவதுதான் சீக்கிரம். ஒரு பொத்தானோடு அவன் மல்லுக்கட்டுகிற வரை வேன் ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது நான்.

குடும்பக் குழுவிலிருந்து வெளியே வந்தது கோபத்தில்தான். மறுபடி சேர்க்காதீர்கள். செம்பு எங்கே வாங்கினேன் என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: சாதாரணப் பாத்திரக் கடையில்தான். பிடி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், வாய் குறுகலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம்.