பையை எப்போது எடுப்பது?

மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் வைக்கும் தற்காலிக ஸ்டோமாவை (மலம் வெளியே ஒரு பையில் சேர வயிற்றில் போடும் திறப்பு) 8 முதல் 12 வாரங்களில் மூடிவிடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரிதான், ஆனால் கீமோ தொடர வேண்டியவர்களுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் நடப்பதில்லை. கீமோ முடிந்து உடம்பு தேறட்டும் என்பார்கள், மாதங்கள் ஓடிவிடும். என் அக்காவுக்கும் அப்படித்தான். முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆசையோடு போய் மனம் உடைந்து திரும்பியிருக்க மாட்டார்.

தள்ளிப்போவது சும்மா காத்திருப்பதல்ல. சிறுகுடலை வெளியே கொண்டுவரும் ஸ்டோமாவான இலியோஸ்டமியில் நீரும் உப்பும் நிறைய வெளியேறும். பை வேகமாக நிறைந்து சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும்.

2017இல் வெளியான டென்மார்க், ஸ்வீடன் ஆய்வில் 8 முதல் 13 நாட்களுக்குள் மூடியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. அதை வைத்து எல்லோரும் சீக்கிரம் கேட்க முடியாது. குடல் இணைப்பில் கசிவு இல்லை என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகள் அவர்கள்.

அப்புறம், மூடிய பிறகு என்ன ஆகும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பலர் அடிக்கடி, அடக்க முடியாத அவசரத்தோடு கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபிரமைடு போன்ற மருந்தும் பலருக்கு உதவும். மூடும் தேதியைக் கேட்கும்போதே இதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.