விருது போட்டோவுல தெரியாத கைகள்

கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கேரே பத்தி யார் எழுதினாலும் 2022ல கட்டடக்கலையோட பெரிய விருதான பிரிட்ஸ்கரை வாங்குன முதல் ஆப்பிரிக்கர்னு ஆரம்பிச்சு, ரெண்டு அழகான போட்டோவைப் போட்டு முடிச்சுடறாங்க. எனக்கு அதுல பெரிய மனக்குறை. அந்தச் சுவரை யார் கட்டுனாங்க, கட்டி முடிச்ச பிறகு அந்த ஊர்க்காரங்க கையில என்ன மிஞ்சுச்சு, அதைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற புர்கினா ஃபாசோ நாட்டுல காண்டோன்னு ஒரு கிராமம். பள்ளிக்கூடமே கிடையாது. ஊர்த்தலைவர் மகனான கேரேவை ஏழு வயசுல வெளியூருக்குப் படிக்க அனுப்புறாங்க, அப்புறம் தச்சு வேலை படிக்க ஸ்காலர்ஷிப்ல ஜெர்மனி போறார், பெர்லின்ல கட்டடக்கலை படிக்கறார், படிப்பு முடியறதுக்கு முன்னாடியே காசு திரட்டி 2001ல சொந்த ஊர்ல பள்ளிக்கூடம் கட்டி முடிச்சுட்டார்.

மண்ணுல கட்டலாம்னதும் ஊர்ல யாருக்கும் பிடிக்கல. நியாயம்தானே? மழைக்கு மண்சுவர் கரையறதைப் பாத்துப் பாத்து சலிச்சவங்க, ஜெர்மனியில படிச்ச பையன் கான்கிரீட்டும் கண்ணாடியுமா கட்டுவான்னு பாத்தா இவனும் மண்ணையே காட்டுறானேன்னு தோணத்தான் செய்யும். கேரே வெறும் வாயால வாதாடல, மாதிரிக்கு ஒரு வளைவு கட்டி அது மேல ஏறிக் குதிச்சே காமிச்சார்.

மண்ணுல கொஞ்சம் சிமெண்ட் கலந்து அச்சுல அமுக்கின கல்லுதான் சுவர். தலைக்கு மேல கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு தளம், அதுக்கும் மேல நல்லா தூக்கி வெச்ச தகரக் கூரை, அது சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கறதால சாரல் சுவர்ல அடிக்காது. தகரம் எவ்வளவு கொதிச்சாலும் அந்தச் சூட்டை நடுவுல ஓடுற காத்து அள்ளிட்டுப் போயிடும், வகுப்பறையில இருக்கற சூடும் தளத்து இடைவெளி வழியா மேல ஏறிடும். ஏசி எதுவும் வேண்டாம். கிரேன் வராத ஊருங்கறதால கூரையைத் தாங்குற சட்டத்தைக் கூட சாதாரண கான்கிரீட் கம்பியிலயே பண்ணாங்க, கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் பிடிக்கத் தெரிஞ்சா போதும், ஊர்ப் பசங்களே கத்துக்கிட்டாங்க. பிள்ளைங்க அஸ்திவாரத்துக்குக் கல்லு சுமந்தாங்க. மண் தரையை மணிக்கணக்கா அடிச்சு இறுக்கி, அப்புறம் பொம்பளைங்க உக்காந்து கல்லால தேய்ச்சுத் தேய்ச்சே மழமழன்னு ஆக்குனாங்க. இந்தப் பள்ளிக்கு 2004ல கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைச்சுது!

பக்கத்து நாடான நைஜர்ல மரியம் இசூஃபுங்கற கட்டடக்கலைஞரும் இதே வழிதான். தந்தாஜி கிராமத்துல இடிக்க இருந்த பழைய மண் மசூதியை நூலகமா மாத்துனப்போ, அதை முதல்ல கட்டுன கொத்தனார்களையே கூட்டிட்டு வந்தாங்க. அந்தப் பெரியவங்களுக்குக் கிடைச்ச மரியாதையை நினைச்சா எனக்கு மனசு நிறைஞ்சு போகுது.

எல்லாம் நன்கொடைக் காசுதானேன்னு சில பேர் கேக்கறாங்க. ஆமா, காண்டோவுக்கு வெளியில இருந்துதான் காசு வந்துச்சு. அதே காசுக்கு தலைநகர்ல இருந்து சிமெண்டையும் ஆளையும் இறக்கியிருந்தா ஒரே ஒரு கட்டடம் நின்னிருக்கும், அவ்வளவுதான். இப்போ அங்க ஆசிரியர் வீடு, பள்ளியோட அடுத்த பகுதின்னு ஒண்ணு பின்னால ஒண்ணா எழும்பியிருக்கு, வேலை பழகின ஆட்கள் வெளியூர்லயும் போய் கூலி வாங்கறாங்க.