அழற்சியை அறவே அடக்குவது நன்மையா?
காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடல் காட்டும் எதிர்வினையான அழற்சி முழுவதும் தீங்கானது, அதை அறவே அடக்கிவிட்டால் நோய் அணுகாது என்று பகிரப்படும் கருத்து சரியன்று. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தைத் தடுக்கும் கானகினுமாப் மருந்தை, முன்பே மாரடைப்புக்கு உள்ளான 10,061 பேரிடம் இதயநோய் மருத்துவர் பால் ரிட்கர் குழுவினர் சோதித்து 2017-இல் வெளியிட்ட கான்டோஸ் ஆய்வில், அம்மருந்தை 150 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 15 விழுக்காடு குறைந்தது உண்மையே. ஆனால் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்று, ஒப்பீட்டுக்காக மருந்தற்ற போலி ஊசி பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களிடம் அதிகமாக இருந்தது, மொத்த இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கிருமி நுழையும்போது வெள்ளணுக்களைத் திரட்டுவதும் இதே சமிக்ஞைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் பப்மெட் (PubMed) தளத்தில் மருந்தின் பெயரையும் (canakinumab) ஆய்வின் பெயரையும் (CANTOS) சேர்த்துத் தேடினால் ஆய்வுச்சுருக்கம் கட்டணமின்றிக் கிடைக்கும். முடிவுகள் பகுதியின் இறுதி வரிகளை அன்புகூர்ந்து படித்துப் பாருங்கள்.