பெருந்தொற்றில் தலைவர்களுக்கு மார்க் போட்டது யார்?

கொரோனா காலத்தில் எந்தத் தலைவர் நன்றாகச் சமாளித்தார், யார் சொதப்பினார் என்று பேச்சு வந்தால், அன்றைக்கு யார் எந்த சேனல் பார்த்தார்களோ அந்த சேனல் போட்ட மார்க்கைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். இத்தனை வருடம் கழிந்து, செத்தவர்களின் கணக்கு ஓரளவு வெளியே வந்த பிறகும் அந்த மார்க்கை யாரும் திருத்தவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நியூயார்க் ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ குவோமோவை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சிலிருந்து தினமும் டிவியில் நேரலை, திரையில் எண்கள், நிதானமான பேச்சு. வெள்ளை மாளிகையிலிருந்து டிரம்ப் பேசிய பேச்சைக் கேட்டு நொந்துபோயிருந்த மக்களுக்கு அது பெரிய ஆறுதல், அதில் தப்பே இல்லை. ஆனால் சிஎன்என் சேனலில் அவரைப் பேட்டி எடுத்தது யார்? அவருடைய சொந்தத் தம்பி கிறிஸ் குவோமோ. பரிசோதனைக்கு மூக்கில் விடும் குச்சியைப் பெரிதாகச் செய்து கொண்டுவந்து, அண்ணன் மூக்கைக் கேலி செய்து, நேரலையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது மே மாதம். அதற்கு முன்பே, மார்ச் 25 அன்று, மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் நோயாளிகளைக் கொரோனா இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் முதியோர் இல்லங்கள் மறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது அதே அண்ணனின் அரசு. கேட்க வேண்டிய கேள்வி அதுதானே?

நவம்பரில் அந்த நேரலைகளுக்காக அவருக்கு தொலைக்காட்சித் துறையின் சர்வதேச எம்மி விருது அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் அறிக்கை வந்தது: முதியோர் இல்லவாசிகளின் சாவு 50 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம். எப்படி என்றால், இல்லத்தில் நோய் தொற்றி மருத்துவமனைக்குப் போய் இறந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அறிக்கைக்குப் பிறகு, சுமார் 8,500 என்று சொல்லப்பட்ட எண் 12,000த்தைத் தாண்டியது. ஏபி செய்தி நிறுவனம் இந்த ஓட்டையை 2020 ஆகஸ்டிலேயே எழுதியிருந்தது. செய்தி இருந்தது, எழுதிய நிருபர்கள் இருந்தார்கள், ஆனால் கதாநாயகன் வேடத்தை அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. கடைசியில் பாலியல் தொல்லைப் புகார்களால் 2021 ஆகஸ்டில் பதவி விலகினார், எம்மியையும் திரும்பப் பெற்றார்கள். விருது போனது அந்தப் புகார்களால். முதியவர்களின் கணக்குக்காக யாரும் அதைப் பறிக்கவில்லை.

இதை வைத்து ஒரு தரப்பு ஊடகம் மட்டும்தான் மோசம் என்று யாராவது கிளம்பினால், எதிர்ப்பக்கம் இன்னும் கொடுமை. டிரம்ப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ் சேனலில் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே இந்த நோய் ஆபத்தானது என்று எச்சரித்தார். அதே சேனலில் ஷான் ஹானிட்டி வெகுநாள் அதைச் சாதாரணமாக்கிப் பேசினார். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் இந்த இருவரையும் ஒப்பிட்டு 2020இல் ஆய்வு செய்தார்கள். ஹானிட்டியை அதிகம் பார்த்த பகுதிகளில் ஆரம்பக் கட்டத்தில் தொற்றும் சாவும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஒரே சேனல், ஒரே அரசியல். திரையில் யார் என்ன சொன்னார் என்பது ஒருவர் வீட்டுக்குள் இருந்தாரா வெளியே போனாரா என்பதையே மாற்றியிருக்கிறது. கருத்துச் சுதந்திரம், அவரவர் பார்வை என்று சொல்லி இதைக் கடந்துபோக என்னால் முடியாது.

அப்புறம் மக்கள் கருத்து. நெருக்கடி வந்தால் யார் நாற்காலியில் இருந்தாலும் அவர் பின்னால் மக்கள் திரள்வார்கள் என்று ஜான் முல்லர் என்ற அரசியல் ஆய்வாளர் 1970இலேயே எழுதிவிட்டார். 2020 மார்ச், ஏப்ரலில் அதுதான் நடந்தது. இத்தாலியில் பிரதமர் கோன்டே, பிரிட்டனில் பிரதமர் போரிஸ் ஜான்சன் எனப் பலருக்கும் ஆதரவு ஏறியது. டிரம்புக்குக்கூட காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 49 சதவீதம் ஆதரவு வந்தது. பயத்தில் வந்த ஆதரவு அது. ஆனால் டிவியில் அதையே 'மக்கள் தீர்ப்பு' என்று காட்டினார்கள்.

நியூசிலாந்தில் இது தலைகீழாகவும் நடந்தது. பிரதமர் ஜெசிண்டா ஆர்டனை உலகப் பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின, 2020 அக்டோபர் தேர்தலில் அவர் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. 2022 தொடக்கத்தில் நாடாளுமன்ற வாசலில் கூடாரம் போட்டுப் போராட்டம், 2023 ஜனவரியில் அவர் விலகல். இவ்வளவு நடந்தும் வழக்கத்தைவிடக் கூடுதலான சாவு மிகக் குறைவாக இருந்த நாடுகளில் ஒன்று நியூசிலாந்து. செல்வாக்கு ஒரு வழியில் போயிற்று, சாவுக் கணக்கு வேறு வழியில் போயிற்று. கடுமையான ஊரடங்கு போடாத ஸ்வீடன் விஷயத்தில், அதைப் பாராட்டும் தரப்பு, திட்டும் தரப்பு இரண்டுமே பாதியைத்தான் சொல்கின்றன. 2020 வசந்தத்தில் நார்வே, பின்லாந்தைவிட அங்கே மிக அதிகம் பேர் இறந்தார்கள், அது உண்மை. 2020 முதல் 2022 வரை சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே கூடுதல் சாவு குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று, அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஒரு விவாத நிகழ்ச்சியைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் மரியாதை வைத்திருப்பது கணக்கைத் தேடிப் போனவர்கள் மீது. பிரேசிலில் 2020 ஜூனில் அதிபர் போல்சனாரோவின் அரசு தினசரி எண்களை இரவுச் செய்தி முடிந்த பிறகு, பத்து மணிக்கு வெளியிட ஆரம்பித்தது. மொத்தச் சாவு எண்ணிக்கையை இணையதளத்திலிருந்தே எடுத்தது. உடனே, தினமும் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் ஓ குளோபோ, ஃபோல்யா, எஸ்டாடோ போன்ற பத்திரிகைகள் கைகோத்து, மாநிலச் சுகாதாரத் துறைகளிடம் நேரடியாக எண்களை வாங்கி, தாங்களே கூட்டி, ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணை வெளியிட்டன. குஜராத்தில் திவ்ய பாஸ்கர் பத்திரிகை 2021 மே மாதம் செய்ததும் இதுதான். மார்ச் 1 முதல் மே 10 வரை மாநிலத்தில் 1.23 லட்சம் இறப்புச் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டிருந்தன, முந்தைய ஆண்டு இதே நாட்களில் சுமார் 58,000. அரசு சொன்ன கொரோனா சாவு 4,218. கூடுதலான அத்தனையும் கொரோனா என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் அந்த இடைவெளிக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில், அந்தப் பத்திரிகையை நடத்தும் தைனிக் பாஸ்கர் குழுமத்தின் அலுவலகங்களில் வருமான வரிச் சோதனை நடந்தது. வரி ஏய்ப்பு என்றது அரசு, பழிவாங்கல் என்றது பத்திரிகை.

2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசுகள் அறிவித்தது சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு அது போட்ட எண் 47 லட்சம், அரசுக் கணக்கு 4.8 லட்சம். கணக்கிட்ட முறையையே இந்திய அரசு ஏற்கவில்லை. சரி, முறையில் குறை இருக்கட்டும். அப்படியானால் இறப்புப் பதிவேடுகளை மாதவாரியாக, மாவட்டவாரியாக எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடட்டும். குவோமோவுக்கும் இதேதான், போல்சனாரோவுக்கும் இதேதான், எனக்குப் பிடித்த தலைவருக்கும் இதேதான். அன்று ஒருவரை மாதக்கணக்கில் கொண்டாடிய சேனல், இந்த எண்கள் வந்த பிறகு அவருக்காக ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, பழைய காட்சிகளையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும்.