கடல்ல கீழ போனா மீன் வகை குறையும்னு சொல்லிட முடியாது
ஆழ்கடல் மீன் பத்தின உங்க கட்டுரைல ஆழம் கூடக் கூட மீன் வகை குறைஞ்சுக்கிட்டே போகும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, ஆனா ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலடில இருக்கிற ராக்கால் பள்ளத்துச் சரிவுல அப்படி இல்லைங்க, அங்க 1000லேந்து 1500 மீட்டர் வாக்குலதான் வகை ஜாஸ்தி, அதுக்கும் கீழ போனாதான் குறையுது. சுறாவெல்லாம் 3000 மீட்டர் தாண்டினா அநேகமா கிடையாது. அப்புறம் ஆரஞ்சு ரஃபின்னு ஒரு ஆழ்கடல் மீன், நூறு வருஷத்துக்கு மேல வாழும், முட்டை போடுற வயசுக்கு வரவே இருபது முப்பது வருஷம் ஆகும், அதைப் போய் ட்ராலர் (இழுவலைக் கப்பல்) விட்டு அள்ளினா எப்படிங்க மிஞ்சும்? ஐரோப்பிய ஒன்றியம் 2016லதான் 800 மீட்டருக்குக் கீழ அடிமட்ட இழுவலைக்கு (கடலடியை ஒட்டி இழுக்கிற வலை) தடை போட்டுச்சு, ரொம்ப லேட்டு. அரபிக்கடல் சரிவு பத்தியும் எழுதுங்க, அங்க 200லேந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, அதனால ஆழத்துக்கு ஏத்த மீன் வகைக் கணக்கே வேற.